வசூல் பை சொல்லாத கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

நஷ்டத்தில் ஓடும் நகரப் பேருந்துத் தடங்களைக் குறைக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்பதுதான் காலங்காலமாக அளவுகோல். டீசலுக்கும் சம்பளத்துக்கும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை.

ஆனால் தமிழகத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நான் ஏறும் விடியற்காலைப் பேருந்தில் பூக்கூடை, கீரைக்கட்டு, தூக்குவாளி என்று கால் வைக்க இடமிருக்காது. முக்கால்வாசிப் பேர் பெண்கள். நடத்துநர் கொடுப்பதெல்லாம் கட்டணமில்லாச் சீட்டு. பையில் சில்லறை குலுங்காது. அந்தத் தொகையை அரசு ஈடுகட்டுகிறது என்றாலும், பையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பேருந்து காலியாக ஓடுவதாகத்தான் தோன்றும். அந்தச் சீட்டுகளையும் எண்ணட்டும். நாள் முழுவதற்கும் சராசரி போட்டால் மதியத்துக் காலி இருக்கைகள் காலை நெரிசலை விழுங்கிவிடும். எனவே நடை வாரியாக, அதாவது பேருந்து போகும் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக, எண்ணட்டும்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரே பிரதான சாலையில் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும் பேருந்துகளில் கை வைக்கலாம். இரவின் கடைசிப் பேருந்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள். எதை நிறுத்தினாலும், பட்டியலை ஒரு மாதம் முன்பே நிறுத்தங்களில் ஒட்டுங்கள். ஆட்சேபத்தை எழுதித் தருகிறோம்.

- பேருந்துப் பயணி ஒருவர், சென்னை