கூட்டிய மாத்திரையும் குறைக்க மறந்த நானும்

அன்புள்ள தோழிக்கு,

பெண் குழந்தை பிறந்திருக்கும் செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கர்ப்ப காலத்தில் கூட்டிய தைராய்டு மாத்திரையையே இன்னும் சாப்பிட்டு வருவதாகக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத உட்கார வைத்தது.

நான் பட்டது உனக்கு முழுதாகத் தெரியாது. 75 மைக்ரோகிராம் சாப்பிட்டுவந்த எனக்குக் கருவுற்றதும் 100 ஆக்கினார்கள். தொடக்க மாதங்களில் குழந்தைக்கும் தாயின் ஹார்மோனே போக வேண்டியிருப்பதாலும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடும்போது ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதமும் பெருகிவிடுவதாலும் அந்தக் கூடுதல் தேவைப்படுகிறது. பிரசவத்தோடு அந்தத் தேவை தீர்ந்துவிடும். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் பழைய அளவுக்குத் திரும்பும்படி ஒரு வரியும் இல்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் படபடப்பும் கைநடுக்கமும் வந்தன. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பச்சை உடம்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் அத்தை. சட்டென்று இளைத்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டார் பாராட்டக்கூடச் செய்தார்கள்! மூன்றாம் மாதம் பரிசோதித்தபோது, தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.05 என்று வந்தது. மாத்திரை அளவு மிகுந்தால் இந்த எண் இப்படி மிகவும் இறங்கிவிடும்.

பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பியே அழற்சியுற்று, முதலில் ஹார்மோன் மிகுந்து பிறகு குறைந்துபோவதும் உண்டு என்பதால், மருத்துவர் அதையும் மனத்தில் வைத்துக்கொண்டே மாத்திரையை 75க்கு இறக்கினார். பத்து நாளில் மறுபடி பார்க்கலாமா என்று அவசரப்பட்டேன். இந்த மருந்தில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே ஒரு வாரம் ஆகும், ஆறு வாரத்துக்கு முன் பார்த்தால் கிடைக்கும் எண் நம்மை ஏமாற்றிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

உனக்கு இப்போது நாற்பது நாள் ஆகப்போகிறது. பரிசோதனைக்குச் சரியான நேரம். நீயாகவே அளவைக் குறைத்துவிடாதே, ஏனென்றால் சிலருக்குப் பழைய அளவைவிடச் சற்றுக் கூடுதலே தொடர வேண்டியிருக்கிறது. முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எதுவும் சாப்பிட்டால் அதை மருத்துவரிடம் சொல்லி, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடு. அது முடிவையே தவறாகக் காட்டிவிடக்கூடும். முடி கொட்டுவதோ மூன்றாம் மாத வாக்கில் தைராய்டு கோளாறு இல்லாதவர்களுக்கும் வருவதுதான்.

பிரசவத்துக்குப் பின் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுக் காபிக்கு அரை மணியாவது காத்திரு என்பது கைக்குழந்தைக்காரிக்கு எங்கே நடக்கும்? நான் மாத்திரைப் புட்டியைத் தலைமாட்டிலேயே வைத்து, விடியலில் பால் கொடுக்க எழும்போது விழுங்கிவிடுவேன். சரியான அளவில் சாப்பிடும்போது தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே சேர்கிறது, குழந்தைக்குக் கெடுதல் இல்லை. அந்தப் பயத்தில் நிறுத்திவிடாதே.

முடிவு வந்ததும் அந்த எண்ணை மட்டுமாவது எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி