பெயர்ச்சீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

இந்த ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வும் டென்யூர் என்கிற நிரந்தரப் பணியும் பெற்றவர்களில் நானும் ஒருத்தி. அப்படிப் பெறுகிறவர்களை ஆளுக்கொரு புத்தகம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது நூலகம். உள்ளட்டையில் பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்கில் வைக்கிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். சீட்டில் என் பெயர் மட்டும் தனியாக இருந்தது. மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இந்த நடைமுறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் ஆறாவது ஆண்டில் தீர்ப்பு. ஆராய்ச்சி, கற்பித்தல், துறைப்பணி மூன்றையும் ஒரே கோப்பாக்கிக் கொடுக்க வேண்டும். அது துறைக் குழு, கல்லூரிக் குழு, கல்லூரித் தலைவரான டீன், பல்கலைக்கழகத்தின் கல்விப் பொறுப்பாளரான புரோவோஸ்ட் என்று படிப்படியாக ஏறி அறங்காவலர் குழுவில் போய் முடியும். கிடைத்தால் இணைப் பேராசிரியர். கிடைக்காவிட்டால் பொதுவாக இன்னும் ஓராண்டு வேலை, அப்புறம் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

என் வழிகாட்டிக்கு முதல் நன்றி. மூன்றாம் ஆண்டு மதிப்பீட்டுக்காக எழுதிய கற்பித்தல் அறிக்கையை உங்களிடம் கொண்டுவந்தபோது நீங்கள் எதுவும் பேசவில்லை. பென்சிலை எடுத்து, ‘முயன்றேன்’ என்று வந்த இடமெல்லாம் சின்னதாக வட்டம் போட்டீர்கள். நான்கு பக்கத்தில் பதினொரு வட்டம். “செய்ததைச் செய்தேன் என்று எழுது, போதும்” என்றீர்கள். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

துறை அலுவலகத்தில் கோப்பைத் தொகுத்துத் தந்தவருக்கு எப்படி நன்றி சொல்ல? ஒரு பருவத்தின் மாணவர் கருத்துத் தாள்கள் கணினியில் இல்லை. கெடு முடிய இரண்டே நாள். சேமிப்பறையிலிருந்து பழைய அட்டைப்பெட்டியை நீங்களே இறக்கி, கையெல்லாம் தூசியோடு ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்தீர்கள். ஒரு தாளின் ஓரம் மடங்கி, மாணவர் எழுதிய கடைசி வரி மறைந்திருந்தது. மடிப்பை நகத்தால் நீவிவிட்டு மறுபடி எடுத்தீர்கள். அந்த வரி விட்டுப்போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

துறைத் தலைவருக்கு. மகள் பிறந்தபோது விதிப்படி கோப்பைக் கொடுக்க எனக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது. “அப்படியானால் ஏழு வருடத்துக்கான கட்டுரைகள் இருக்க வேண்டுமே” என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. வெளி மதிப்பீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், அந்த ஓராண்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நீங்கள் தெளிவாக ஒரு வரி சேர்த்தீர்கள். அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு பெரிது என்று உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

அந்த மதிப்பீட்டாளர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வேறு பல்கலைக்கழகங்களில் இருந்துகொண்டு, சொந்த வேலைக்கு நடுவே என் கட்டுரைகளை உட்கார்ந்து படித்திருக்கிறீர்கள். இது எப்படியாவது உங்கள் கண்ணில் படட்டும்.

வீட்டுக்கு நன்றியை வீட்டிலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொருவர் இருக்கிறார். 1900இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர், நிறுவனரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்காத கருத்துகளைப் பேசியதால் வேலையை இழந்தார். அவர் பேசியது எல்லாம் எனக்கும் ஏற்புடையதல்ல. ஆனாலும் அவரை நீக்கிய விதத்தை எதிர்த்து, அங்கே பணியாற்றிய ஆர்தர் லவ்ஜாய் தன் வேலையையே விட்டு விலகினார். 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தகுதிகாண் காலம் ஏழு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அந்தச் சங்கத்தின் 1940 அறிக்கை சொல்கிறது. எனக்கு இன்று கிடைத்திருக்கும் பாதுகாப்பு, பாதுகாப்பே இல்லாமல் நின்ற ஒருவரிடமிருந்தும் வந்தது.

அதை நினைக்கும்போதெல்லாம் பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் முகம்தான் வருகிறது. நான் முதன்முதலாக நிலத்தடி நீர் பாடம் நடத்திய பருவத்தில், பல வருடமாகச் சேர்த்துவைத்த களப்பயிற்சிக் குறிப்புகளை அப்படியே என் கையில் கொடுத்தீர்கள். நீங்கள் பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் இருப்பவர். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல டென்யூர் வரிசைக்கு வெளியே இருப்பவர்கள்தான். என் கோப்பில் ‘கற்பித்தல் சிறப்பு’ என்று எழுதப்பட்டதில் பாதி உங்களுடைய குறிப்புகள். உங்களுக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் தரும்படி கேட்கும் கடிதம் தயாராகிவிட்டது. முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்த துறைக் கூட்டத்தில் நானே அதை எடுத்துப் பேசுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் சக ஆசிரியை