முதிர்ந்த அணு ஓரிடத்தில் நிற்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார நலவாழ்வு இணைப்பில், கோட்டை, அகழி, காவல்படை என்று ஜோடித்து எழுதப்பட்ட கட்டுரையில், நோயெதிர்ப்பு அணுக்கள் முதிர முதிர உறுதியாக ஒட்டிக்கொண்டு ஓரிடத்திலேயே நிலைபெறுவதாக ஒரு வரி அச்சாகியிருந்தது. அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கியோடு காலம் கழித்தவன் என்பதால், அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளணு, திசுவுக்குள் புகுந்து, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜாக மாறும்போது நன்றாக ஒட்டிக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஓர் அணுவின் குணத்தை எல்லாவற்றின் தலையிலும் கட்டிவிடலாமா? தோலில் இருக்கும் டென்ட்ரைட்டிக் அணு, இளமையில்தான் அக்கம்பக்கத்து அணுக்களைப் பற்றிக்கொண்டு கிடக்கிறது. கிருமியின் தடயம் கிடைத்து முதிர்ந்ததும், பிடியைத் தளர்த்தி, சிசிஆர்7 என்ற ஏற்பியை, அதாவது சைகையை உணரும் புரதத்தை, மேற்பரப்பில் கூட்டிக்கொண்டு, நிணநீர் முடிச்சை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. இந்த அணுவை 1973இல் உலகுக்கு அறிவித்த ரால்ஃப் ஸ்டைன்மன், அதைப் பிரித்தெடுத்த முறையே இதற்குச் சாட்சி: முதலில் கண்ணாடியில் ஒட்டும் இவ்வணுக்கள், ஓரிரவு வளர்ப்பில் வைத்தால் தாமாகவே கழன்று மிதக்கும், மேக்ரோஃபேஜ்களோ ஒட்டியபடியே கிடக்கும். 2011இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வாளரின் அணு, தங்கள் கட்டுரையாளரின் கண்ணில் படாமல் போனது வியப்புத்தான்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் கதையும் இதுவே. எலும்பு மஜ்ஜையில் அதை இருத்தி வைப்பது சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி; முதிர்ச்சியில் அது குறையக் குறைய, அணு விடுபட்டு ரத்தத்துக்கு வருகிறது. ரத்தம் தடவி லீஷ்மன் சாயம் ஏற்றிய கண்ணாடிச் சில்லில், குதிரை லாட வடிவ உட்கருவோடு இளசாகத் தெரியும் அணு, முதிர்ந்தபின் மூன்று நான்கு மடல்களாகக் கிள்ளுண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, நெருக்கமான இடுக்குகளில் நெளிந்து போவதற்கு அந்த உட்கரு எவ்வளவு தோதானது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்காக இத்தனை கோபமா என்று தாங்கள் கேட்கலாம். ஒருமுறை ஒரு கைக்குழந்தையின் ரத்தம் வந்தது. மூன்று வாரம் கடந்தும் தொப்புள்கொடி விழவில்லை. கொடியடியில் புண், ஆனால் சீழ் இல்லை. சில்லு முழுக்க முதிர்ந்த நியூட்ரோஃபில்கள். "சார், வெள்ளணு இவ்வளவு இருக்குன்னா பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தின்னுதானே அர்த்தம்?" என்று தகப்பனார் கேட்டார். பின்னர் பெரிய மருத்துவமனையில் சிடி18 குறைபாடு என்று தெரிந்தது. சிடி18 ஒரு பகுதியாக அமைந்த இன்டெக்ரின் என்ற ஒட்டுப் புரதம் இல்லாததால் ரத்தநாளச் சுவரில் உறுதியாக ஒட்ட முடியாமல், ஒட்ட முடியாததால் வெளியேறவும் முடியாமல், அத்தனை அணுக்களும் ரத்தத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டுவதும், விட வேண்டிய நேரத்தில் விடுவதும் சேர்ந்ததே முதிர்ச்சி என்பதை அன்று அந்த மனிதருக்கு விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எண்ணிக்கையே பலம் என்று அவருக்குப் பாடம் சொல்லியிருந்தவை தங்கள் இணைப்பைப் போன்ற பக்கங்கள்தாம்.

சென்ற ஆண்டு கேள்வி–பதில் பகுதியில், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு வெள்ளணு ஏறினால் தொற்று என்றே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வழங்கினீர்கள். நாளச் சுவரோரம் ஒதுங்கியிருந்த நியூட்ரோஃபில்கள் அம்மருந்தால் பிடி விட்டு ஓட்டத்தில் கலப்பதாலும் எண்ணிக்கை ஏறும் என்று அப்போதே எழுதினேன். இடமின்மை காரணமாக அக்கடிதம் வெளிவரவில்லை போலும்; அதே பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு எதிர்ப்புசக்தி லேகியத்தின் விளம்பரம் மட்டும் வசதியாக இடம்பெற்றிருந்தது. அதற்கு முன், சிவப்பணுக்களின் படத்தைப் போட்டு, ‘நோயோடு போராடும் வெள்ளணுக்கள்’ என்று அடியில் எழுதிய புண்ணியமும் தங்களுடையதே. அந்தப் படம் இந்த வாரமும் வந்திருக்கிறது.

கட்டுரையாளரை மாற்றச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அடுத்த இணைப்பில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள். சரியான படம் கிடைக்கவில்லையென்றால், என்னிடமுள்ள பழைய சில்லுகளைத் தபாலில் அனுப்பத் தயாராக இருக்கிறேன். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
கும்பகோணம்.