சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளும்வரை பேச்சு வேண்டாம்

வேலி ஃபோர்ஜ் முகாம்,
ஏப்ரல் 1778

யார்க் நகரில் கூடியிருக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் பிரதமர் நார்த் பிரபுவின் சமாதான மசோதாக்கள் உங்கள் கைக்கு வந்துவிட்டன. முகாமிலும் இதே பேச்சுதான். வரி போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார்களாம், தூதர்களை அனுப்புகிறார்களாம். நம் சுதந்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1775-ல் நாம் பணிந்து அனுப்பிய மனுவை அரசர் ஜார்ஜ் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நம்மைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். மறு ஆண்டு ஸ்டேட்டன் தீவில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹோ பிரபுவைச் சந்தித்த உங்கள் உறுப்பினர்கள் ஃபிராங்க்ளினும் ஆடம்ஸும் ரட்லெட்ஜும் வெறுங்கையோடு திரும்பினார்கள். சரடோகாவில் அவர்கள் தளபதி பர்கோயின் நம்மிடம் சரணடைந்த பிறகுதான் இப்போது இறங்கி வருகிறார்கள். அவர்கள் படை இன்னும் பிலடெல்பியாவில் உட்கார்ந்திருக்கிறது. கப்பல்களையும் படையையும் முதலில் திரும்ப அழைக்கட்டும், இல்லையென்றால் நம் சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளட்டும். அதுவரை பேச்சு வேண்டாம்.

எங்களுக்குச் சமாதானம் கசக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். செருப்பும் துணியும் இல்லாமல் 2,898 பேர் பணிக்கு வர முடியாமல் கிடக்கிறார்கள் என்று தளபதி வாஷிங்டன் டிசம்பரிலேயே உங்களுக்கு எழுதினார். அவர்களோடுதான் நான் குளிர்காலத்தைக் கழித்தேன். காவலுக்குப் போகிறவன் குடிலில் இருப்பவர்களிடம் ஆளுக்கொரு துணியாக இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு போவான். விடிந்ததும் அதே துணி அடுத்தவன் உடம்புக்கு மாறும். பனியில் கறுத்துப்போன கால்களை மருத்துவர்கள் வெட்டி எடுத்தார்கள். அப்படிக் கால் போனவனிடம், "பழையபடி அரசரின் குடியாக இரு, தேயிலை வரி மட்டும் இருக்காது" என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

களைத்துப்போனவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள் என்றுதான் எதிரி நம்புகிறான். அதற்கு நீங்களே வழி செய்து கொடுக்கலாமா? சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. வருகிற காகித டாலருக்கும் மதிப்பில்லை. சுற்றுவட்டார விவசாயிகள் தங்கத்துக்காக மாட்டையும் மாவையும் ஆங்கிலேயருக்கே கொண்டுபோய் விற்கிறார்கள். அதிகாரிகள் ஒவ்வொருவராக விலகிப் போகிறார்கள். அரைச் சம்பள ஓய்வூதியம் பற்றிய உங்கள் விவாதமோ முடிந்தபாடில்லை. மன்னியுங்கள், கேட்க வந்தது இதுவல்ல.

தூதர்கள் வந்ததும் ஒவ்வொரு மாநிலத்தையும் தனித்தனியாக இழுக்கப் பார்ப்பார்கள். தனியாக உடன்படுகிறவர் யாராக இருந்தாலும் அவர் நம் எதிரி என்று இப்போதே அறிவித்துவிடுங்கள். சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளாமல் வருகிற எவரோடும் உட்கார்ந்து பேச வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், செருப்புகளையும் சீக்கிரம் அனுப்பிவையுங்கள். வெயில் காலம் வந்ததும் நாங்கள் நடந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் படையின் அதிகாரி ஒருவர்