மிஸ் ஈடித்துக்கு இன்று கேக் கிடையாது

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போன் போட்டால் 'அப்புறம் பேசறேன்மா' என்று வைத்துவிடுகிறாய். ஆறு வாரமாக அந்த அப்புறம் வரவில்லை. காகிதத்தை வைக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். மோட்டார் சரியாகிவிட்டது. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. பத்து மணிக்குள் படு.

நீ பரணில் போட்டுவிட்டுப் போன ஹார்டு டிஸ்கை அண்ணன் டிவியில் மாட்டிக் கொடுத்தான். 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்', ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடுகிற பஃபி என்ற பெண்ணின் இங்கிலீஷ் சீரியல். பிளஸ் டூ படிக்கும்போது நீ போர்வைக்குள் பார்ப்பாய், நான் ஒயரைப் பிடுங்குவேன். 'பேய்ப் படம் பார்த்துப் பார்த்துத்தான் இவளுக்கு இப்படி ஆச்சு' என்று அத்தையிடம் சொன்னதும் நான்தான். இப்போது விளக்கேற்றிய கையோடு தினமும் இரண்டு எபிசோடு ஓடுகிறது. முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தும் பாதிப் பேச்சு காதில் ஏறவில்லை, கீழே ஓடுகிற எழுத்தைத்தான் படிக்கிறேன். அப்பாவிடம் சொல்லாதே.

சண்டை போடுகிற பெண்ணைத்தான் உனக்குப் பிடித்திருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இரண்டாம் சீசனில் டிரூசில்லா என்கிற ரத்தக்காட்டேரி வந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளை உடுப்பு, கையில் பொம்மை, பாதியில் அறுந்து அறுந்து போகிற பேச்சு. நடித்த பெண் ஜூலியட் லாண்டாவாம். அப்பா மார்ட்டின் லாண்டா, அம்மா பார்பரா பெய்ன், இரண்டு பேருமே நடிகர்கள். மகள் இப்படி நடிப்பதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்! நீ டீம் லீடர் ஆனதை நான் பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன். நீ சொல்லியா தெரிந்தது? அண்ணன் சொல்லித்தான்.

ஒரு காட்சியில் கூண்டுக் குருவியைப் பாடு பாடு என்று கொஞ்சுகிறாள். அவள் ஜோடி ஸ்பைக் வந்து, 'அது செத்துப்போச்சு. கூண்டில் வைத்து இரை போடாமல் விட்டாய், போன குருவி மாதிரியே இதுவும்' என்கிறான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த ஸ்பைக் ரத்தம் குடிக்கிற ராட்சசன்தான், ஆனாலும் பிராகில் கும்பல் சேர்ந்து அடித்து அவளைக் குற்றுயிராக்கிய பிறகு எப்படித் தாங்குகிறான் பார்த்தாயா? தீபாவளிக்கு உன்னோடு வந்த பையன் நன்றாக இருக்கிறானா? சும்மாதான் கேட்டேன்.

அவள் கதை சீசன் கடைசியில்தான் வருகிறது. 1860, லண்டன். நடக்கப்போவது முன்கூட்டியே கண்ணில் தெரிகிற பெண். பாவமன்னிப்புக் கூண்டில் முழங்கால் போட்டுச் சொல்கிறாள்: சுரங்க விபத்து முதல் நாளே தெரிந்தது, வயிற்றைப் பிசைந்தது, அம்மாவிடம் சொன்னேன், 'ஒண்ணுமில்லை, பேசாமல் இரு' என்றாள். மறுநாள் சுரங்கம் இடிந்து இரண்டு பேர் செத்தார்கள். ஆண்டவனுக்கு மட்டுமே தெரிய வேண்டியது உனக்குத் தெரிவது சாபம் என்றும் அம்மா சொன்னாளாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது பாதிரியார் இல்லை. அவரைக் கொன்றுவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, சாமி குரலில் 'நீ பிசாசின் பிள்ளைதான்' என்று பதில் சொன்னது ஏஞ்சலஸ் என்ற ரத்தக்காட்டேரி. அதற்குப் பிறகு அவள் வீட்டாரைக் கொன்றான். மடத்துக்கு ஓடினாள், துறவறம் வாங்குகிற அன்றைக்கே தன் இனமாக்கினான். மூளையைக் கலைத்துவிட்டு, கலைந்தது கலைந்தபடி சாகாவரம்.

இதில் எனக்கு ஒரு கோபம். அதே ஏஞ்சலஸ்தான் ஏஞ்சல், அவனுக்கு ஆத்மா திரும்பக் கிடைத்தது, குற்றவுணர்ச்சி வந்தது, 1999-லிருந்து 2004 வரை தனித் தொடரே கிடைத்தது. அவன் கெடுத்தவள் நடுநடுவே வந்து நாலு பிதற்றல் பேசிவிட்டுப் போகிறாள். அந்த அம்மாவுக்கோ ஒரு காட்சிகூடக் கிடையாது. மகள் வாயால் இரண்டு வரி, அவ்வளவுதான்.

மிஸ் ஈடித் என்ற பொம்மை முந்திக்கொண்டு பேசிவிட்டதாம், இன்று கேக் கிடையாது என்று டிரூசில்லா தண்டனை கொடுக்கிறாள். யாரிடம் கற்றாள்?

நீ ஹாஸ்டலிலிருந்து வந்தவுடன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, 'அம்மா, சுவத்துக்குள்ளேர்ந்து பேசறாங்க' என்றாய். எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சோப்பு நுரையோடு உன் வாயைப் பொத்தினேன். 'ஒண்ணுமில்லை, வெளியே சொல்லாதே.' பதினோரு வெள்ளிக்கிழமை வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போனேன். அங்கேயும் ஒருத்தன் சாமி குரலில்தான் பதில் சொன்னான். அதெல்லாம் உனக்குத் தெரியும். டாக்டர் 'எத்தனை நாளா?' என்று கேட்டபோது 'போன வாரத்திலேர்ந்து' என்று சொன்னேன். நாலு மாசம் ஆகியிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், ஒன்றும் பேசவில்லை. நாலு மாசம் என்று தெரிந்திருந்தால் அவர் வேறு மாதிரி ஆரம்பித்திருப்பாரோ என்று இத்தனை வருஷமும் ராத்திரியில் புரண்டுகொண்டிருக்கிறேன். அப்பாவுக்கும் தெரியாது.

போனை எடு. மாத்திரையைப் பற்றிக் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். சுவர் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, சொல்லு.

நார்த்தங்காய் ஊறுகாய் கூரியரில் வருகிறது. மூடி கொஞ்சம் லூசு, கவரோடு நிமிர்த்தி வை.

அம்மா