போலீசுக்கு சங்கமும் வேணும், தனி ஆணையமும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போலீசுக்கு சங்கம் குடுத்தா லஞ்சம் வாங்குனவனயெல்லாம் அது காப்பாத்திரும்னு சொல்றாங்க, எனக்கு அப்படிப் படல. போன வாரம் அஞ்சு ரோட்டுல மத்தியான வெயில்ல ஒரு பொண்ணு போலீஸ் ஷூவ கழட்டிட்டு வீங்குன கால அமுக்கிட்டு இருந்துச்சு, மனசே கேக்கல. 2021-லயே வார லீவுக்கு ஆர்டர் போட்டாச்சு, அது கிடைக்கலன்னா இந்தப் புள்ள யார்கிட்ட போய் கேக்கும்? 1966 சட்டப்படி அரசு அனுமதி இல்லாம சங்கம் வைக்க முடியாது, ஆனா பக்கத்துல கேரளாவுல வச்சிருக்காங்களே.

அதுக்காக லஞ்சத்த விட்டுற முடியாது. எங்க பொண்ணு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு வந்தவரு வாசல்லயே நின்னு 500 ரூபா வாங்கிட்டுத்தான் போனாரு, புகார் குடுக்க பயம். 2006-ல சுப்ரீம் கோர்ட் போலீஸ் மேல வர்ற புகார விசாரிக்க ரிடையர்டு ஜட்ஜ் தலைமையில தனி ஆணையம் வைக்கச் சொல்லுச்சு, நம்ம 2013 சட்டத்துல மாவட்டத்துக்கு கலெக்டர் தலைவர், எஸ்.பி. மெம்பர்னு போட்டுட்டாங்க, லஞ்ச ஒழிப்புத் துறையிலயும் விசாரிக்கிறது போலீஸ்தான், அப்புறம் எந்த தைரியத்துல நாங்க போய் சொல்றது? மொதல்ல அந்த ஆணையத்துக்கு ஒரு ஜட்ஜ போடுங்க.

ஒரு வாசகி, சேலம்