பஸ் பேசிவிடுகிறவன் மகன் ஜெட் பேசுகிறான்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கடிதம் என்ன கடிதம், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நான்கு நிமிடக் குரல் பதிவு, அதில் பாதி உன் பேத்தி அழும் சத்தம். ஆனாலும் கேட்ட கேள்வி புரிந்தது. "நீயும் உன் மகளும் சேர்ந்து ஜெட் விமானம் விற்கிறீர்களாமே, நெசமாவா?" என்று கேட்டாய். நெசம்தான்டா. விற்கவில்லை, வாடகைக்குப் பேசிவிடுகிறோம், அதுவும் நம்ம ஊரிலிருந்தே, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து.

நம்ம ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் நீயும் நானும் சாகும்வரை இது பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட தென்னமரம் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஜெட் வியாபாரமா என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. இந்த ஊர்க்காரர் யாரும் புக் செய்யவில்லை, சரிதான். வாடிக்கையாளர் எல்லாம் டாமன்சாரா, பினாங்கு, ஜகார்த்தா ஆட்கள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பின்னால் சேவல் கூவினால் என் மகள் பெரியவள் சட்டென்று போனை மியூட் செய்துவிடுவாள்.

உனக்கு என் அப்பாவை நினைவிருக்கும். தைப்பூசம் வந்தால் தோட்டத்துக்கு பஸ் பேசுகிறவர் அவர்தான். சொந்தமாக பஸ் கிடையாது, இருந்தது ஒரு சைக்கிள். கிள்ளானுக்குப் போய் முதலாளியிடம் பேசி, முன்பணம் கட்டி, தோட்டக் குடியிருப்பில் லயம் லயமாகப் போய்க் காசு பிரித்து, டிரைவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வரைக்கும் பார்த்துக்கொண்டு, கடைசியில் பஸ் தாமதமானால் தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று நூறு பேரிடம் ஏச்சு வாங்குகிறவரும் அவரேதான். பெரியவள் சுபாங் விமான நிலையத்தில் தனியார் ஜெட்டுகளுக்குத் தரைச் சேவை செய்யும் இடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து இந்தத் தொழிலை எனக்கு விளக்கியபோது, முதல் ஐந்து நிமிடத்திலேயே "அட, இது தாத்தா வேலை" என்றேன். அவளுக்குக் கோபம். "அப்பா, நாங்க அதைச் சார்ட்டர் புரோக்கர்னு சொல்லுவோம்" என்றாள். சரி, சார்ட்டர் புரோக்கர்.

அகப்பக்கத்துக்காக இரண்டு மாதம் உட்கார்ந்து உழைத்தாள். அழகாகத்தான் வந்தது. எஸ்எஸ்எம் என்கிற கம்பெனிப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தது ஒரு காலை வேலை, அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் "உடனே விலை பார்க்க" என்று ஒரு பொத்தான் வைத்தாள் பார், அங்கேதான் ஆரம்பித்தது வினை. டிக்கெட் விலை மாதிரி இதற்கு விலை கிடையாது. ஒருவர் ஈப்போவிலிருந்து லங்காவி போகவேண்டும் என்கிறார், குறைந்த தூரம், காசும் குறைவாகத்தான் ஆகும் என்று அவர் நினைப்பு. விமானம் நிற்பதோ சுபாங்கில். அது ஈப்போவுக்குக் காலியாகப் பறக்கவேண்டும், அவரை ஏற்றி லங்காவியில் இறக்கவேண்டும், மறுபடி காலியாக சுபாங் திரும்பவேண்டும். மூன்று பறப்புக்கும் எண்ணெய், விமானிகளின் கூலி, இறங்குகிற நிறுத்துகிற கட்டணம், ராத்திரி தங்கினால் விமானிகளுக்கு ஹோட்டல், எல்லாம் அவர் தலையில்தான். சின்ன ஜெட்டுக்கே ஒரு மணி நேரப் பறப்புக்குச் சில ஆயிரம் அமெரிக்க டாலர் என்னும்போது, பொத்தான் காட்டிய விலைக்கும் நிஜ விலைக்கும் நடுவே ஒரு புதுக் கார் வாங்கலாம். இரண்டு பேர் எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்றே சொல்லிவிட்டார்கள். பொத்தானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொலைபேசி எண்ணைப் போட்டோம். இணைய வியாபாரம் என்று தொடங்கி முழுநாளும் போனில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், போ.

இதில் காலி ஓட்டம் என்று ஒரு ருசியான சமாச்சாரம் இருக்கிறது. பத்துமலையில் ஆட்களை இறக்கிவிட்டு பஸ் காலியாகத் தோட்டத்துக்குத் திரும்பும்போது அப்பா வழியில் ரவாங்கில் நாலு பேரைப் பாதிக் காசுக்கு ஏற்றச் சொல்வாரே, அதேதான். யாரோ ஒரு கோடீஸ்வரரை இறக்கிவிட்டு விமானம் வெறுமனே திரும்பும். அந்தத் திரும்பும் ஓட்டத்தைச் சில சமயம் பாதி விலைக்கும் கீழே கொடுப்பார்கள். எங்களைத் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசி இதைக் கேட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்குப் புரியாதது என்னவென்றால், அந்த ஓட்டம் அவர்களுடையது இல்லை, முன்னால் புக் செய்த பெரிய மனிதருடையது. அவர் "நாளைக்குப் போகிறேன்" என்றால் இவர்கள் ஓட்டமும் நாளைக்குத்தான், போகவே இல்லை என்றால் இதுவும் இல்லை.

எங்களுக்கு அப்படி ஒன்று நடந்தது. லங்காவியில் கல்யாணம், ஆறு பேர் குடும்பம், காலி ஓட்டம் பிடித்துக் கொடுத்தோம், மாறலாம் என்று எழுதியும் கொடுத்திருந்தோம். முதல் நாள் இரவு பத்தரைக்கு விமான நிறுவனத்திலிருந்து ஒரு வரிச் செய்தி: ஓட்டம் ரத்து. அந்த மனிதர் பாலியிலேயே இன்னும் இரண்டு நாள் தங்கிவிட்டாராம். எழுதிக் கொடுத்த தாளைக் காட்டிப் பேசலாம் என்றாள் மகள். பெண் வீட்டாரிடம் போய்த் தாளைக் காட்டுவதா? விடிவதற்குள் வழக்கமான விமானத்தில் ஆறு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன், கடைசி நேர விலை, மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) கையைவிட்டுப் போனது. அதுவரை சம்பாதித்ததில் பெரும்பங்கு அது. சம்பாத்தியம் என்றால், ஓர் ஓட்டத்தில் ஐந்து சதவீதம், நல்ல நாளில் கொஞ்சம் மேலே. அதிலும் வாடிக்கையாளர் கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கி ஒரு கை எடுத்துக்கொள்ளும், ஆகவே இப்போது நேரடி வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான், முழுப்பணமும் முன்கூட்டியே.

மலிவாக முடித்துக் கொடு என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் பெரிய வேலை. உனக்குக் கெரெத்தா சாப்பு தெரியும், உரிமம் இல்லாமல் வாடகைக்கு ஓடும் கார், ஐந்தாம் படிவம் படிக்கும்போது நாமே எத்தனை தடவை ஏறியிருப்போம். ஆகாயத்திலும் அது உண்டு. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த விமானத்தை, வாடகைக்கு ஓட்டும் ஏஓசி சான்றிதழ் இல்லாமலே, "எண்ணெய்க் காசு மட்டும் கொடு" என்று ஓட்டுவார்கள். 2019 ஜனவரியில் எமிலியானோ சாலா என்ற அர்ஜென்டினா காற்பந்து ஆட்டக்காரர் பிரான்சிலிருந்து கார்டிஃப் போகும் வழியில் கடலில் விழுந்து இறந்தாரே, அது இந்த ரகம்தான். ஒற்றை எஞ்சின் விமானம், ஓட்டியவருக்குக் காசு வாங்கிக்கொண்டு பயணி ஏற்றும் உரிமமே இல்லை, அவரும் போய்விட்டார். அந்த ஓட்டத்தை ஏற்பாடு செய்த ஆள் விமானத்திலேயே இல்லை. அவருக்கு 2021-இல் பதினெட்டு மாதச் சிறை. பெரியவள் அந்தச் செய்தியை அச்செடுத்து ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள், மற்ற வீடுகளில் பேரப்பிள்ளை படம் ஒட்டுகிற இடத்தில்.

அவள் இப்படி இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. 2023 ஆகஸ்டு 17, லங்காவியிலிருந்து சுபாங் வந்த ஜெட் எல்மினாவில் சாலைமேல் விழுந்ததே, உள்ளே இருந்த எட்டுப் பேர், சாலையில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், எல்லோரும் போய்விட்டார்கள். அன்றைக்கு அவள் வேலையில் இருந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. சாப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அன்று முதல் எந்த விமானமாக இருந்தாலும் சான்றிதழ், காப்புறுதி, பறப்பு உரிமம் மூன்றையும் கண்ணால் பார்க்காமல் வாடிக்கையாளரிடம் விமானத்தின் பெயரைக்கூடச் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

ஜொகூரில் உன் வீட்டு மாடியிலிருந்து சிங்கப்பூரின் செலேத்தார் விமான நிலையத்தில் இறங்கும் ஜெட்டுகளைப் பார்ப்பதாகச் சொல்லி, அவற்றில் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தால் மலிவாகுமே என்றாய். வாலில் 9வி என்று இருந்தால் அது சிங்கப்பூர் விமானம். சிங்கப்பூர் டாக்ஸி உங்கள் ஜொகூரில் ஆள் ஏற்றி ஜொகூருக்குள்ளேயே கூலாயில் இறக்க முடியுமா? அப்படித்தான், சுபாங்கில் ஏற்றி நம் நாட்டுக்குள்ளேயே கோத்தா கினபாலுவில் இறக்க நமக்கு 9எம் என்று போட்ட மலேசிய விமானம்தான் வேண்டும்.

அப்புறம், நீ பதிவின் கடைசியில் மென்று விழுங்கிச் சொன்ன விஷயம். இபிஎஃப் பணத்தில் இருபதாயிரம் போடட்டுமா என்றாய். வேண்டாம்டா. கோடிக்கணக்கில் போட்ட அமெரிக்காவின் வீல்ஸ் அப் என்ற ஜெட் வாடகைக் கம்பெனியே 2023-இல் மூச்சுத் திணறி டெல்டா விமான நிறுவனம் கைகொடுத்துத்தான் எழுந்தது. எங்களுக்கு உன் பணத்தால் ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை, விமானம் வாங்கப் போவதில்லை, மேசையும் போனும் இருக்கின்றன. உன் முட்டிக்கு முதலில் ஆபரேஷன் பார்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். எனக்குச் சர்க்கரை ஏழில் நிற்கிறது, வீட்டுக்காரி தே தாரிக்கை எண்ணி எண்ணிக் கொடுக்கிறாள். இந்தத் தைப்பூசத்துக்கு ஊருக்காக பஸ் நான்தான் பேசியிருக்கிறேன், நாற்பத்து நான்கு இருக்கை, கிள்ளான் ஆள்தான். நீங்கள் இரண்டு பேரும் நேராகப் பத்துமலைக்கு வந்துவிடுங்கள். திரும்பும்போது பாதிப் பேர் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், பஸ் காலியாகத்தான் வரும், அதிலேயே ஏறி இங்கே வந்து நாலு நாள் இருங்கள். இந்த ஓட்டம் ரத்தாகாது.

உன்,
ஆறாம் நம்பர் லயத்துக்காரன்